மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான வசதி ஏற்பாடுகளும் குறைந்த பாடச்சுமையும்: ஓர் எளிய விளக்கம்

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றில் உடன் படிப்பவர்கள் எல்லோரும் செமஸ்டருக்கு ஐந்து பாடங்கள் எடுக்கும்போது, ஒருவர் மட்டும் மூன்று பாடங்களோடு முழுநேர மாணவராகவே நடத்தப்படுகிறார் என்றால், உடனே இரண்டு விதமான பேச்சு கிளம்பிவிடும். அவருக்குப் படிப்பைச் சுலபமாக்கிக் கொடுத்துவிட்டார்கள் என்பார்கள் சிலர். மருத்துவரிடம் ஒரு சான்றிதழ் வாங்கிக் கொடுத்துவிட்டால் வேண்டியதெல்லாம் தானாக நடக்கும் என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே தவறு. முதல் பேச்சு, உரிமையோடு கேட்க வேண்டியவர்களைக் கூசிப் பின்வாங்க வைக்கிறது. இரண்டாவது, கேட்டவர்களையே உதவித்தொகையிலும் விசாவிலும் எதிர்பாராத சிக்கலில் கொண்டுபோய் விடுகிறது. இந்தத் துறையைப் பற்றி ஒன்றும் தெரியாதவரும் புரிந்துகொள்ளும்படி, இந்த ஏற்பாடு எதற்காக வந்தது, எப்படி இயங்குகிறது, எங்கே கவனமாக இருக்க வேண்டும் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

அளவு அதேதான்

நாற்பது மூட்டைகளை மாடிக்கு ஏற்ற வேண்டிய வேலை இரண்டு பேருக்குத் தரப்பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் நடைக்கு இரண்டு மூட்டையாகத் தூக்குகிறார். முதுகுவலி உள்ள மற்றவர் ஒவ்வொன்றாகத் தூக்குகிறார். இரண்டாமவருக்கு நேரம் அதிகமாகும். ஆனால் வேலை முடியும்போது மாடியில் இருப்பது அதே நாற்பது மூட்டைதான். அவர் குறைவாகச் சுமந்தார் என்று யாரும் சொல்ல முடியாது. குறைந்த பாடச்சுமை என்பதும் இதுதான். பட்டத்துக்குத் தேவையான பாடங்களில் ஒன்றுகூடக் குறைவதில்லை. ஒரு நேரத்தில் எடுக்கும் பாடங்களின் எண்ணிக்கைதான் குறைகிறது.

இது ஒரு பெரிய குடும்பத்தைச் சேர்ந்த ஏற்பாடு. உடல், புலன், மனம், கற்றல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றில் குறைபாடு உள்ள மாணவர், மற்றவர்களுக்கு உள்ள அதே வாய்ப்பைப் பெறுவதற்காகப் பல்கலைக்கழகம் தன் வழக்கமான நடைமுறையில் செய்துகொடுக்கும் மாற்றத்தை இந்தக் கட்டுரையில் ‘வசதி ஏற்பாடு’ என்று குறிப்பிடுகிறேன். தேர்வில் ஒன்றரை மடங்கு நேரம், தனி அறையில் தேர்வு, வகுப்புக் குறிப்புகளை எழுதித் தரும் ஆள், சைகைமொழி பெயர்ப்பாளர், திரைவாசிப்பான் மென்பொருளால் படிக்கத்தக்க பாடநூல், உடல்நிலை திடீரென மோசமாகும் நாட்களில் வருகைப்பதிவில் நெகிழ்வு ஆகியவை பரவலாகத் தரப்படுபவை. பாடச்சுமைக் குறைப்பும் இந்த வரிசையில் ஒன்றுதான். ஆனால் மற்றவை வகுப்பறைக்குள்ளேயே முடிந்துவிடுகின்றன. இது மட்டும் கட்டணம், உதவித்தொகை, விடுதி, விசா என்று வெளியே பல இடங்களைத் தொடுகிறது. குழப்பங்களுக்கெல்லாம் காரணம் அதுதான்.

இது எங்கிருந்து வந்தது

போலியோவால் கழுத்துக்குக் கீழே ஏறக்குறைய முழுவதும் செயலிழந்திருந்த எட் ராபர்ட்ஸ் 1962-இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தில் சேர்ந்தார். இரவில் அவர் மூச்சுவிட உதவிய இரும்பு நுரையீரல் என்ற பெரிய கருவிக்கு எந்த மாணவர் விடுதியிலும் இடமில்லை; அதனால் வளாகத்திலிருந்த மருத்துவமனையின் ஒரு பகுதியே அவருக்கு விடுதியானது. அவரைத் தொடர்ந்து வேறு மாணவர்களும் அங்கே வந்து தங்கினார்கள். 1970-இல் அதே வளாகத்தில் மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கென்று அவர்களே முன்னின்று நடத்திய ஒரு திட்டம் உருவானது. இன்று அமெரிக்காவின் ஏறத்தாழ எல்லாப் பல்கலைக்கழகங்களிலும் இருக்கும் மாற்றுத்திறனாளி சேவை அலுவலகத்துக்கு அதை ஒரு முன்னோடி என்று சொல்லலாம்.

சட்டம் பின்னால் வந்தது. 1973-இன் மறுவாழ்வுச் சட்டத்திலுள்ள 504-ஆம் பிரிவு, மத்திய அரசின் நிதி பெறும் எந்த அமைப்பும் மாற்றுத்திறனின் பேரில் ஒருவரை ஒதுக்கக் கூடாது என்றது. ஆனால் அதை நடைமுறைப்படுத்தும் விதிகள் நான்கு ஆண்டுகளாகக் கையெழுத்தாகாமலேயே கிடந்தன. 1977 ஏப்ரலில், உரிமைப் போராளி ஜூடி ஹியூமன் உள்ளிட்டோர் தலைமையில் மாற்றுத்திறனாளிகள் சான்ஃபிரான்சிஸ்கோவில் இருந்த மத்திய அரசு அலுவலகக் கட்டடத்துக்குள் நுழைந்து மூன்று வாரங்களுக்கும் மேலாக வெளியேறாமல் இருந்தார்கள். ஏப்ரல் 28 அன்று விதிகள் கையெழுத்தாயின. 1990-இல் வந்த அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டம் இந்தப் பாதுகாப்பை அரசு நிதி பெறாத தனியார் நிறுவனங்கள் வரை விரித்தது. 2008-இல் செய்யப்பட்ட திருத்தம், விட்டுவிட்டு வரும் நோய்களும் அவை தலைதூக்கும் நேரத்தில் எவ்வளவு கடுமையானவை என்பதை வைத்தே பார்க்கப்பட வேண்டும் என்று தெளிவுபடுத்தியது. வலிப்பு, குடலழற்சி, மனச்சோர்வு, லூபஸ் போன்றவற்றோடு வாழும் மாணவர்களுக்கு இந்தத் திருத்தம் மிகவும் முக்கியமானது. வெளியே பார்த்தால் அவர்களிடம் ஒரு குறையும் தெரியாது என்பதாலேயே அவர்களை நம்பாதவர்கள் அதிகம்.

பாடச்சுமைக் குறைப்பு ஏதோ பிற்காலத்தில் சேர்க்கப்பட்ட சலுகை என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். 504-ஆம் பிரிவின் விதிகளே, உயர்கல்வி நிறுவனங்கள் செய்யக்கூடிய மாற்றங்களுக்கு உதாரணம் சொல்லும்போது, பட்டத்துக்கான தேவைகளை முடிக்க அனுமதிக்கும் கால அளவை மாற்றுவதைத்தான் முதலில் சொல்கின்றன.

இதுவரை பார்த்ததைச் சுருக்கிச் சொன்னால்: வசதி ஏற்பாடு என்பது பட்டத்தின் தேவைகளைக் குறைப்பதில்லை, அவற்றை எட்டும் வழியை மாற்றுகிறது. அது நிர்வாகத்தின் கருணையில் நிற்பதில்லை, சட்டத்தில் நிற்கிறது. குறைந்த பாடச்சுமை அதன் தொடக்க காலத்திலிருந்தே இருக்கும் ஒரு வடிவம்.

பள்ளியில் தேடி வந்தது, பல்கலைக்கழகத்தில் நாம் தேடிப் போக வேண்டியது

அமெரிக்கப் பள்ளிகளில் படித்துவிட்டு வருபவர்கள் தடுமாறும் இடம் இது. பள்ளிக்கு வேறொரு சட்டம் உண்டு. குறைபாடுள்ள குழந்தையைக் கண்டறிவதும், பெற்றோரோடு உட்கார்ந்து அந்தக் குழந்தைக்கென்று தனிக் கல்வித் திட்டம் எழுதுவதும் அங்கே பள்ளியின் கடமை. பள்ளிப் படிப்பு முடிந்த அன்றே அந்தத் திட்டம் காலாவதியாகிவிடும். பல்கலைக்கழகத்துக்கு யாரையும் தேடிக் கண்டுபிடிக்கும் கடமை கிடையாது. மாணவர் தாமே முன்வந்து சொல்ல வேண்டும், கேட்க வேண்டும். பெற்றோர் தொலைபேசியில் அழைத்தால், மாணவரின் ஒப்புதல் இல்லாமல் பெரும்பாலும் பேசவே மாட்டார்கள்.

கேட்கும்போது ஆவணம் வேண்டும். நோயின் பெயர் மட்டும் எழுதிய சான்றிதழ் இங்கே அதிகம் உதவாது. அந்த நிலை மாணவரின் படிப்பில் எதை, எந்த அளவுக்குத் தடுக்கிறது என்பதுதான் அவர்கள் பார்ப்பது. இந்தியாவிலிருந்து செல்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் 40 சதவீதம், 60 சதவீதம் என்று குறிப்பிட்டு நம் ஊரில் வழங்கப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, குறைபாடு இருக்கிறது என்பதைக் காட்டும். ஆனால் அந்தச் சதவீதத்தை வைத்து அங்கே எந்த வசதியும் முடிவு செய்யப்படுவதில்லை. ‘அரை மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து எழுதினால் விரல்கள் விறைத்துப்போகின்றன, கணினியில் தட்டச்சு செய்தால் இரண்டு மணி நேரம் தாக்குப்பிடிக்க முடிகிறது’ என்பது போல விளக்கும் மருத்துவர் கடிதம், சதவீதம் சொல்லும் அட்டையைவிடப் பயன் தரும். புறப்படும் முன்பே அப்படி ஒரு கடிதத்தை ஆங்கிலத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

மாணவர் சொந்த அனுபவமாகச் சொல்வதற்கும் மதிப்பு உண்டு. இந்தத் துறையில் பணியாற்றுவோரின் சங்கமான அஹெட் 2012-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், மாணவரின் சொந்த விவரிப்பையே முதன்மை ஆதாரமாகவும், வெளியிலிருந்து வரும் ஆவணத்தை அதற்குத் துணையாகவும் வைக்கிறது. எல்லாப் பல்கலைக்கழகங்களும் அந்த அளவுக்கு இறங்கி வருவதில்லை என்றாலும், நேர்காணலில் தன் நிலையைத் தெளிவாகச் சொல்லத் தெரிந்தவருக்குக் காரியம் எளிதாகிறது என்பது உண்மை.

அலுவலகம் ஏற்றுக்கொண்டதும் ஒரு கடிதம் தயாராகும். ஒவ்வொரு செமஸ்டரிலும் அது மாணவரின் ஆசிரியர்களுக்குப் போகும். அதில் நோயின் பெயர் இருக்காது. ‘இந்த மாணவருக்குத் தேர்வில் ஒன்றரை மடங்கு நேரம், வகுப்பை ஒலிப்பதிவு செய்ய அனுமதி’ என்பது போல ஏற்பாடுகள் மட்டுமே இருக்கும். என்ன நோய் என்று ஆசிரியரிடம் சொல்ல வேண்டிய கட்டாயம் மாணவருக்கு இல்லை. இந்தக் கடிதம் கிடைத்த நாளிலிருந்துதான் ஏற்பாடு தொடங்குகிறது. முன்பே எழுதி முடித்த தேர்வுகளுக்குப் பொதுவாக அது பொருந்தாது. இரண்டு பாடங்களில் தோற்ற பிறகு அலுவலகத்தின் கதவைத் தட்டுபவர்களே அதிகம் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

எதை மாற்ற முடியாது

ஒரு பாடத்தின் அல்லது பட்டத்தின் சாரமாக இருக்கும் தேவையைப் பல்கலைக்கழகம் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. 1979-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இதைத் தீர்மானித்தது. செவித்திறன் குறைந்த ஒருவர் செவிலியர் படிப்பில் இடம் கேட்டிருந்தார். நோயாளிகளோடு நேரடியாகப் பணியாற்றும் பயிற்சியை விலக்கிவிட்டால் அது செவிலியர் படிப்பாகவே இருக்காது என்பதால், படிப்பின் அடிப்படையையே மாற்றச் சொல்லிச் சட்டம் கட்டாயப்படுத்தவில்லை என்று நீதிமன்றம் கூறியது.

ஆனால் ‘இது அடிப்படைத் தேவை’ என்று வாயால் சொல்லிவிட்டால் போதாது. கற்றல் குறைபாடுள்ள மாணவர்களுக்கு அந்நிய மொழிப் பாடத்துக்கு ஈடாக வேறு பாடம் தர பாஸ்டன் பல்கலைக்கழகம் மறுத்தது வழக்கானபோது, 1997-இல் நீதிமன்றம், அந்தத் தேவை உண்மையிலேயே அடிப்படையானதா என்று ஆசிரியர்கள் கூடி ஆராயாமல் மறுத்தது தவறு என்றது. பிறகு ஆசிரியர் குழு ஒன்று ஆராய்ந்து, காரணங்களை எழுதி, மொழிப்பாடம் தேவைதான் என்று முடிவு செய்தது. 1998-இல் அதே நீதிமன்றம் அந்த முடிவை ஏற்றது. முடிவு மாணவர்களுக்குச் சாதகமாக வரவில்லை என்பது உண்மை. ஆனாலும் யோசிக்காமல் மறுக்கக் கூடாது, காரணம் சொல்ல வேண்டும் என்ற நெறி அங்கே உறுதிப்பட்டது. இன்று கேட்கும் ஒவ்வொருவருக்கும் அது கைகொடுக்கிறது.

பாடச்சுமைக் குறைப்புக்கு இந்தத் தடை எழுவது அரிது. பாடம் எதுவும் விடுபடுவதில்லை அல்லவா? ஒரு குழுவாகச் சேர்ந்து ஒரே வரிசையில் பாடங்களைக் கடக்க வேண்டிய மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளில்தான் கேள்வி எழும். அங்கும் முதலாண்டை இரண்டாண்டாகப் பிரித்துத் தரும் கல்லூரிகள் இருக்கின்றன.

கிரெடிட் கணக்கு: குறைப்பு ஏன் தேவைப்படுகிறது

இங்கே கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும், ஏனென்றால் விஷயத்தின் நியாயம் முழுவதும் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. கிரெடிட் என்பது ஒரு பாடத்துக்கு ஆகும் வேலையின் அலகு. அமெரிக்க மத்திய அரசின் வரையறைப்படி, செமஸ்டர் முழுவதும் வாரத்துக்கு ஏறக்குறைய ஒரு மணி நேர வகுப்பும், அதற்கு வெளியே குறைந்தது இரண்டு மணி நேரப் படிப்பும் சேர்ந்ததுதான் ஒரு கிரெடிட். பெரும்பாலான பாடங்களுக்கு மூன்று கிரெடிட்; இளங்கலைப் பட்டத்துக்கு வழக்கமாக 120 கிரெடிட். செமஸ்டருக்கு 15 வீதம் எடுத்தால் எட்டு செமஸ்டரில், அதாவது நான்கு ஆண்டில், முடியும்.

15 கிரெடிட் என்றால் வாரத்துக்கு 15 மணி நேரம் வகுப்பு, 30 மணி நேரம் படிப்பு, மொத்தம் 45 மணி நேரம். ஒரு முழு வேலைக்குச் சமம். உடல்நலமுள்ள மாணவருக்கு அது முடியும். இப்போது பார்வை குறைந்த ஒரு மாணவியை எடுத்துக்கொள்வோம். எழுத்துகளைப் பெரிதாக்கிப் படிப்பதால் அவருக்கு எந்தப் பக்கத்தைப் படிக்கவும் ஒன்றரை மடங்கு நேரம் ஆகிறது. வகுப்பு நேரம் அதே 15. ஆனால் 30 மணி நேரப் படிப்பு அவருக்கு 45 ஆகிவிடும். மொத்தம் வாரத்துக்கு 60 மணி நேரம். கண் வலிக்கும் நாட்களும், மருத்துவரைப் பார்க்கப் போகும் நேரமும், படிக்கத்தக்க வடிவில் நூல் வந்து சேரக் காத்திருக்கும் நாட்களும் இதற்கு மேல்.

அதே மாணவி 9 கிரெடிட் எடுத்தால்? வகுப்பு 9 மணி நேரம், வழக்கமான 18 மணி நேரப் படிப்பு ஒன்றரை மடங்காகி 27, மொத்தம் 36 மணி நேரம். 12 எடுத்தால் 12-உம் 36-உம் சேர்ந்து 48 மணி நேரம், அதாவது மற்றவர்களின் 45-க்குச் சற்று மேல். குறைந்த பாடச்சுமையோடு படிப்பவர் மற்றவர்களைவிடக் குறைவாக உழைப்பதில்லை என்பதும், அவர் ஏறத்தாழ அதே அளவு உழைக்கும் நிலைக்குத் திரும்பக் கொண்டுவரப்படுகிறார் என்பதும் இந்தக் கணக்கில் தெரிந்துவிடுகின்றன. தேர்வில் தரும் கூடுதல் நேரம் மட்டும் இந்தச் சிக்கலைத் தீர்க்காது; தேர்வு செமஸ்டரில் சில மணி நேரம்தான், படிப்போ வாரத்தின் எல்லா நாட்களிலும் இருக்கிறது.

இதற்கு விலை உண்டு. செமஸ்டருக்கு 12 கிரெடிட் எடுத்தால் 120-ஐ முடிக்கப் பத்து செமஸ்டர், அதாவது ஐந்து ஆண்டுகள். 9 வீதம் எடுத்தால் பதினான்காவது செமஸ்டரில்தான் முடியும், ஏழு ஆண்டுகள். கோடைக்காலத்தைப் பயன்படுத்தினால் இதைச் சுருக்கலாம்: இரண்டு செமஸ்டர்களிலும் 12 வீதமும் கோடையில் 6-உம் எடுப்பவர் ஆண்டுக்கு 30 கிரெடிட் முடித்து, நான்கு ஆண்டிலேயே பட்டம் பெறுவார். ஓய்வு இல்லாமல் உடல் தாங்காதவர்களுக்கு இந்த வழி பொருந்தாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

மூன்று சொற்களைப் பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது. பகுதிநேரப் படிப்பு என்பது 12 கிரெடிட்டுக்குக் கீழே படிக்கும் எவருக்கும் பொருந்தும் பொதுவான நிலை. குறைந்த பாடச்சுமை என்பது, மாற்றுத்திறனின் காரணமாக அந்த அளவுக்குக் கீழே படிக்கவும், பல்கலைக்கழகத்தின் சொந்த விதிகளைப் பொறுத்தவரை முழுநேர மாணவராகவே கருதப்படவும் பெறும் முறையான ஒப்புதல். மருத்துவ விடுப்பு என்பது அந்த செமஸ்டரில் படிக்காமலேயே இருப்பது.

சுருக்கம்: கிரெடிட் என்பது நேரத்தின் கணக்கு. குறைபாடு படிப்பு நேரத்தைக் கூட்டுகிறது. பாடச்சுமைக் குறைப்பு அதை மீண்டும் மனிதரால் தாங்கக்கூடிய அளவுக்குக் கொண்டுவருகிறது. அதற்குப் பதிலாகப் பட்டம் தாமதமாகிறது.

பணத்தில் என்ன நடக்கும்

பல்கலைக்கழகம் ஒருவரை முழுநேர மாணவராகக் கருதுவது அதன் சொந்த விதிகளுக்கு மட்டுமே செல்லும். மத்திய அரசின் நிதியுதவிக்குச் செல்லாது. அங்கே உண்மையில் எத்தனை கிரெடிட் என்பதுதான் கணக்கு. குறைந்த வருமானக் குடும்பத்து மாணவர்களுக்குத் தரப்படும் பெல் உதவித்தொகை, 12 கிரெடிட்டை நூறு சதவீதமாக வைத்து விகிதப்படி குறைகிறது. 9 கிரெடிட்டுக்கு 75 சதவீதம் கிடைக்கும். வாழ்நாளில் பன்னிரண்டு முழுநேர செமஸ்டர்களுக்குச் சமமான அளவுதான் இந்த உதவி கிடைக்கும் என்றாலும், குறைவாகப் பெறும் செமஸ்டர் அந்த வரம்பிலும் குறைவாகவே கழிக்கப்படும் என்பதால் அந்தத் தொகை பறிபோவதில்லை. அரசின் கல்விக் கடனுக்குக் குறைந்தது பாதிநேரம், இளங்கலையில் 6 கிரெடிட், படிக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் முன்பு வாங்கிய கடனுக்கு ஆறு மாத அவகாசம் ஓடத் தொடங்கும். அது முடிந்தால் தவணை கட்ட வேண்டிவரும்.

பலரும் அறியாமல் விழும் குழி ஒன்று இங்கே இருக்கிறது. நிதியுதவி தொடர வேண்டுமானால் மாணவர் போதிய முன்னேற்றம் காட்ட வேண்டும். எடுத்த கிரெடிட்டில் சுமார் 67 சதவீதத்தையாவது முடித்திருக்க வேண்டும் என்று பெரும்பாலான பல்கலைக்கழகங்கள் கேட்கின்றன. ஒருவர் 15 கிரெடிட்டுக்குப் பதிவு செய்துவிட்டு, முடியாமல் செமஸ்டரின் நடுவே 6 கிரெடிட்டை விட்டுவிட்டால், அந்த செமஸ்டரில் அவர் முடித்தது 15-க்கு 9, அதாவது 60 சதவீதம். தொடக்கத்திலேயே 9-க்கு ஒப்புதல் வாங்கிப் பதிவு செய்து 9-ஐயும் முடித்தவருக்கு அது 100 சதவீதம். இருவரும் கற்றது ஒன்றே. ஏடுகளில் ஒருவர் பின்தங்கியவராகவும் மற்றவர் ஒழுங்காக முன்னேறுபவராகவும் பதிவாகிறார். நோயைக் காரணம் காட்டி மேல்முறையீடு செய்ய வழி இருக்கிறது என்றாலும், அந்த அலைச்சலுக்கே இடம் தராமல் இருப்பது நல்லது அல்லவா?

பல்கலைக்கழகம் தானே தரும் உதவித்தொகைகள் வேறு. செமஸ்டருக்கு 12 அல்லது 15 கிரெடிட் என்று அவற்றுக்கு நிபந்தனை இருந்தால், அதைத் தளர்த்தச் சொல்லி வசதி ஏற்பாடாகவே கேட்கலாம். 12 முதல் 18 கிரெடிட் வரை ஒரே கட்டணம் வாங்கும் இடங்களில், 12-க்குக் கீழே போனால் கிரெடிட் கணக்கில் கட்டணம் குறையுமா என்பதையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். விடுதி இடத்துக்கும் இதே கேள்விதான். பெற்றோரின் மருத்துவக் காப்பீட்டில் இருப்பவர்கள் பயப்பட வேண்டியதில்லை. 26 வயது வரை முழுநேர மாணவரா இல்லையா என்பது அதற்குத் தேவையில்லை. ஆய்வு உதவியாளராகவோ கற்பித்தல் உதவியாளராகவோ இருக்கும் முதுகலை மாணவர்கள் மட்டும், முழுநேரப் பதிவு அந்தப் பணிக்கு நிபந்தனையாக இருக்கிறதா என்பதைத் துறையில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எஃப்-1 விசாவில் இருப்பவர்களுக்கு

வெளிநாட்டு மாணவர்களுக்கு இது வேறு உலகம். எஃப்-1 விசாவில் இருக்கும் இளங்கலை மாணவர் ஒவ்வொரு செமஸ்டரிலும் குறைந்தது 12 கிரெடிட் படிக்க வேண்டும் என்பது குடிவரவு விதி; முதுகலைக்கு முழுநேரம் எது என்பதைப் பல்கலைக்கழகம் வரையறுக்கும், பல இடங்களில் அது 9. மாற்றுத்திறனாளி சேவை அலுவலகம் எவ்வளவு தாராளமாக ஒப்புதல் தந்தாலும் இந்த விதி அதனால் மாறாது. அந்த அலுவலகம் கல்வி உரிமைச் சட்டங்களின்கீழ் இயங்குகிறது. விசாவோ உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் கையில் இருக்கிறது.

12-க்குக் கீழே போக வேண்டுமானால், வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் அதற்கென்று நியமிக்கப்பட்ட அலுவலரின் ஒப்புதல் வேண்டும். அவரைச் சுருக்கமாக டி.எஸ்.ஓ. என்பார்கள். மருத்துவக் காரணத்துக்காக அவர் தரும் ஒப்புதலுக்கு, உரிமம் பெற்ற மருத்துவரோ உளவியலாளரோ எழுதிய கடிதம் தேவை. உடல்நிலை அவ்வளவு மோசமென்றால் அந்த செமஸ்டரில் ஒரு பாடமும் எடுக்காமல் இருக்கவும் அனுமதிக்கலாம். ஒவ்வொரு செமஸ்டருக்கும் புதிதாக ஒப்புதல் வாங்க வேண்டும். ஒரு பட்ட நிலைக்கு மொத்தம் 12 மாதம்தான் வரம்பு.

இந்த வரம்பு தற்காலிக நோயை மனத்தில் வைத்து எழுதப்பட்டது என்பது படித்தாலே தெரியும். கால் முறிந்தவருக்கு 12 மாதம் போதும். பிறவியிலேயே பார்வை குறைந்தவருக்கோ வாழ்நாள் முழுவதும் தொடரும் மூட்டழற்சி உள்ளவருக்கோ அது எந்த வகையிலும் போதாது. குடிமக்களாக இருக்கும் சக மாணவர்கள் பட்டம் முடியும் வரை பெறக்கூடிய ஏற்பாட்டை இவர்கள் ஓராண்டுக்குமேல் பெற முடியாது என்பதை நான் நியாயமாகக் கருதவில்லை. ஆனாலும் இருக்கும் விதியை அறிந்து அதற்குள் திட்டமிடுவதைத் தவிர இப்போதைக்கு வேறு வழியில்லை. நிரந்தரக் குறைபாடு உள்ளவர்கள் அந்த 12 மாதத்தை, அறுவை சிகிச்சை நடக்கும் செமஸ்டர், நோய் தீவிரமாகும் காலம் போன்ற கடுமையான நேரத்துக்குச் சேமித்து வைத்துக்கொள்வது நல்லது. மற்ற செமஸ்டர்களில் 15-க்குப் பதில் 12 எடுப்பதற்கு யாருடைய விசேஷ ஒப்புதலும் தேவையில்லை. அந்தப் பன்னிரண்டிலும், படிக்க வேண்டியது மலைபோல் இருக்கும் இரண்டு பாடங்கள் ஒரே செமஸ்டரில் வராதபடி ஆலோசகரோடு உட்கார்ந்து அமைத்துக்கொள்ளலாம்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது வரிசை. முதலில் டி.எஸ்.ஓ.வின் ஒப்புதல், அது அரசின் செவிஸ் என்ற கணினிப் பதிவில் ஏறிய பிறகே பாடத்தை விட வேண்டும். காய்ச்சலில் படுத்துக்கொண்டே இணையத்தில் ஒரு பாடத்தை நீக்கிவிட்டு, மறுவாரம் கடிதத்தோடு போய் நின்றால், அதற்குள் விசா நிலை முறிந்துபோயிருக்கும். அதைச் சரிசெய்ய மறுநிலைப்படுத்தக் கோரி விண்ணப்பிக்க வேண்டும். அதற்குக் கட்டணமும் உண்டு, நீண்ட காத்திருப்பும் உண்டு, கிடைக்கும் என்ற உறுதி மட்டும் இல்லை.

சுருக்கம்: விசாவில் இருப்பவருக்கு இரண்டு அலுவலகங்கள், இரண்டு ஒப்புதல்கள். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. ஒப்புதல் முன்னால், பாடத்தை விடுவது பின்னால்.

கேட்பதும், மறுத்தால் செய்வதும்

சேர்க்கைக் கடிதம் வந்தவுடனேயே மாற்றுத்திறனாளி சேவை அலுவலகத்துக்கு எழுதிவிடலாம். சேர்க்கையை முடிவு செய்பவர்கள் வேறு, இந்த அலுவலகம் வேறு என்பதால் அதனால் இடம் பறிபோகாது. பாடச்சுமைக் குறைப்பைக் கேட்கும்போது, மேலே போட்ட மணிக்கணக்கைப் போல உங்கள் வாரத்தை எழுதிக்கொண்டு போங்கள். ‘எனக்குக் கஷ்டமாக இருக்கிறது’ என்பதைவிட, ‘நாற்பது பக்கம் படிக்க மற்றவர்களுக்கு இரண்டு மணி நேரம், எனக்கு மூன்று மணி நேரம், அதற்குப் பிறகு ஒரு மணி நேரம் கண்ணை மூடிப் படுக்க வேண்டியிருக்கிறது’ என்பது கேட்பவருக்கு முடிவெடுக்க உதவும். ஒப்புதல் கிடைத்ததும், அது நிதியுதவி அலுவலகத்துக்கும் விடுதி அலுவலகத்துக்கும் போய்ச் சேர்ந்ததா என்று நீங்களே விசாரித்து, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வையுங்கள். ஒரே பல்கலைக்கழகத்துக்குள் இருந்தாலும் இந்த அலுவலகங்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது.

மறுத்துவிட்டால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். பெரும்பாலும் ஆவணத்தில் ஏதோ ஒன்று போதாமல் இருக்கும். மருத்துவரிடம் இன்னொரு பத்தி எழுதி வாங்கினாலே தீர்ந்துவிடும். அப்படியும் தீராவிட்டால், 504-ஆம் பிரிவைக் கவனிக்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு பொறுப்பாளர் இருப்பார். அவரிடம் முறையீடு செய்யலாம். அதற்கும் மேலே மத்தியக் கல்வித் துறையின் குடிமை உரிமைகள் அலுவலகம் இருக்கிறது. அங்கே புகார் கொடுக்கக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. விசாவில் இருக்கும் மாணவர்களும் கொடுக்கலாம். பாகுபாடு நடந்ததாகக் கருதும் நாளிலிருந்து 180 நாட்களுக்குள் கொடுத்துவிட வேண்டும் என்பதால், உள்முறையீடு நடந்துகொண்டிருக்கும்போதே அந்தத் தேதியையும் நாட்காட்டியில் குறித்து வைத்துக்கொள்ள வேண்டும்.